ஒட்டுக்கன்றின் பெயரற்ற பாதி: சென்னைத் தென்புறநகர் மணல்நிலங்களும் பாலை வேர்ச்செடியின் வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

பழமரங்களின் வரலாறு பெரும்பாலும் ரகங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. ஒட்டுக்கன்றின் மேற்பகுதிக்குப் பெயர் உண்டு. மண்ணுக்குள் நின்று அதனைத் தாங்கும் வேர்ச்செடிக்குப் பதிவுகளில் இடம் இல்லை. தமிழகத்தில் சப்போட்டா சாகுபடிக்கு அடித்தளமாக அமைந்த பாலை மரத்தைச் சான்றாகக் கொண்டு இவ்விடுபாட்டின் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. தாம்பரத்தை உள்ளடக்கிய சென்னைத் தென்புறநகரின் நிலவமைப்பு, பாலை எனும் சொல்லின் வழக்கு, தோட்டக்கலை ஆய்வு நிலையங்களின் இடமாற்றம் ஆகிய மூன்றையும் இணைத்து நோக்குகையில், மரத்தின் அழிவும் பெயரின் மறைவும் ஒன்றையொன்று விரைவுபடுத்துவது புலனாகிறது.

திறவுச்சொற்கள்: பாலை, சப்போட்டா, வேர்ச்செடி, ஒட்டுக்கட்டுதல், உலர் பசுமைமாறாக் காடு, தாம்பரம், தோட்டக்கலை வரலாறு.

முன்னுரை

நாற்றங்காலில் வாங்கும் ஓர் ஒட்டுக்கன்று இரண்டு மரங்களின் கூட்டு. மேலே நிற்பது நாம் விரும்பும் பழத்தைத் தரும் ஒட்டுக்கிளை. கீழே நிற்பது மண்ணின் ஈரத்தையும் உப்பையும் வறட்சியையும் எதிர்கொள்ளும் வேர்ச்செடி. கன்றோடு கட்டப்பட்டிருக்கும் சீட்டில் ரகத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கும். வேர்ச்செடியின் பெயர் எழுதப்பட்டிருப்பது அரிது. மரம் செழித்தால் புகழ் ரகத்துக்குப் போகிறது. பட்டுப்போனால் பழி மண்ணின்மேல் விழுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும் வேர் கணக்கில் வருவதில்லை.

வளமான வண்டல் நிலத்தில் இவ்விடுபாடு பெரிதாகத் தெரியாது. மணல் நிலத்தில் நிலைமை வேறு. மணலில் நீர் நில்லாது. சத்துக்கள் நீரோடு கீழிறங்கிவிடும். வேர்முடிச்சு நூற்புழுக்கள் பருமணல் பாங்கான மண்ணில் எளிதாகப் பெருகும். கடலோரமாயின் உப்புக்காற்றும் புயலும் சேரும். இத்தகைய நிலத்தில் எந்த ரகத்தை நடுவது எனும் கேள்விக்கு முன்பாக, எந்த வேரின்மேல் நடுவது எனும் கேள்விக்கு விடை காண வேண்டும். அக்கேள்விக்குத் தமிழகம் கண்ட விடைகளுள் ஒன்று, இந்நிலத்திலேயே தொன்றுதொட்டு நின்ற பாலை மரம். அந்த விடை எவ்வாறு கிடைத்தது, எவ்வாறு மறக்கப்பட்டு வருகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1. நிலமும் காடும்

தாம்பரமும் அதனைச் சூழ்ந்த புறநகரும் ஒரே வகை மண்ணைக் கொண்டவை அல்ல. மேற்கே பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகள் சார்னோக்கைட் எனும் கடும்பாறையால் ஆனவை. அப்பாறை சிதைந்து உண்டான சரளை கலந்த செம்மண் மேட்டுநிலங்களில் பரவியுள்ளது. நடுவே ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த தாழ்நிலங்களும் பள்ளிக்கரணைச் சதுப்பும் அமைந்துள்ளன. கிழக்கே திருவான்மியூரிலிருந்து நீலாங்கரை, பனையூர் வழியாகக் கோவளம் வரை கடலோர மணற்பட்டை நீள்கிறது. நெல்லுக்குரிய நிலம் நீங்கலாக எஞ்சியவை, ஒன்று மணலாகவோ அன்றிச் சரளையாகவோ அமைந்த, நீரைத் தேக்காத நிலங்களே. கடலோரப் பட்டையில் பனையும் தென்னையும் முந்திரியும், பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து விறகுக்காக வளர்க்கப்பட்ட சவுக்கும் நிலைபெற்றமைக்கு இதுவே காரணம்.

இந்நிலத்துக்கு உரிய இயற்கைக் காடு, தாவரவியலார் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என வகைப்படுத்துவது. 1936இல் சாம்பியன் வெளியிட்டு, 1968இல் சேத்துடன் இணைந்து திருத்தியமைத்த இந்தியக் காட்டு வகைப்பாட்டில் இதற்குத் தனியிடம் அளிக்கப்பட்டுள்ளது. குறைந்த உயரமும், தடித்த சிறு இலைகளும், ஆண்டு முழுவதும் நீங்காத பசுமையும் இக்காட்டின் இயல்புகள். சோழமண்டலக் கடற்கரை நெடுகிலும் பரவியிருந்த இக்காட்டு வகையின் சிறப்பு மரங்களுள் முதன்மையானது பாலை. கோடிக்கரையின் மணற்காட்டில் இன்றும் பாலையே மிகுதியாக நிற்கிறது. 1967இல் காட்டுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்டதால் அது காக்கப்பட்டது.

சென்னையைச் சுற்றிய பகுதியில் இக்காட்டு வகை துண்டுகளாக எஞ்சியுள்ளது. 1978இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட கிண்டி, நன்மங்கலம் காப்புக்காடு, வண்டலூர் மலைச்சரிவு, 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வளாகம் ஆகியவை அத்தகைய எச்சங்கள். கல்லூரி வளாகத்தின் செடிகொடிகளைத் தொடக்கக் காலத்தில் ஆராய்ந்து பேணியவருள் எட்வர்டு பார்ன்ஸ் குறிப்பிடத்தக்கவர். அவர் வேதியியல் பேராசிரியர் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

2. பாலை எனும் பெயர்

தமிழில் பாலை என்பது பல மரங்களுக்குப் பொதுவான பெயர். வெட்பாலை, ஏழிலைப்பாலை, குடசப்பாலை, உலக்கைப்பாலை ஆகியவை தாவரவியல் நோக்கில் ஒரே இனத்தவை அல்ல. வெட்டினால் பால் வடியும் பொதுப்பண்பே அவற்றை ஒரே பெயரில் இணைக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் இச்சொல்லின்கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட மரங்களைச் சுட்டுகிறது. ஐந்திணையுள் ஒன்றான பாலைக்குப் பெயர் தந்த மரம் எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. வெட்பாலை எனக் கொள்வோரே மிகுதி. அவ்விவாதத்தைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஈண்டு நாம் பேசுவது, அடைமொழியின்றிப் பாலை என்றும் உலக்கைப்பாலை என்றும் வழங்கும் மரத்தை மட்டுமே. அதன் அறிவியற்பெயர் மனில்காரா ஹெக்ஸாண்ட்ரா. உலக்கை செய்யத் தக்க வன்மையும் கனமும் உடைய மரம் என்பதை அதன் அடைமொழியே உணர்த்துகிறது.

இம்மரத்தின் தொன்மைக்குப் பொன்னேரிக்கு அண்மையிலுள்ள திருப்பாலைவனம் நல்ல சான்று. அவ்வூர்ச் சிவன் கோயிலின் தலமரம் பாலை. இன்றைய தமிழில் பாலைவனம் என்றால் மரமற்ற பெருமணற்பரப்பு. அவ்வூர்ப் பெயரிலோ அச்சொல் பாலை மரங்கள் செறிந்த வனத்தைக் குறிக்கிறது. ஒரே சொல் ஓரிடத்தில் காட்டையும் பிறிதோரிடத்தில் காடின்மையையும் குறிப்பது வியப்புக்குரியது. ஊர்ப்பெயரைப் புதிய பொருளில் படிக்கும் ஒருவர், அங்கு ஒரு காடு இருந்தது என்பதையே அறிய மாட்டார்.

ஈழத்தில் இப்பெயர் மங்கவில்லை. வன்னிப் பகுதியில் பாலைப்பழம் பருவகாலத்தில் சந்தைக்கு வரும் பழம். திருகோணமலைப் பகுதியில் பாலையூற்று எனும் ஊர்ப்பெயர் வழங்குகிறது. மரம் உண்ணும் கனியாக வாழ்வில் கலந்திருக்கும் இடத்தில் பெயரும் தெளிவாக நிற்கிறது என இதிலிருந்து கொள்ளலாம்.

தமிழகத் தோட்டக்கலை எழுத்துகளில் நேர்ந்தது வேறு. இந்தி வழக்கான கிர்னி என்பதே இந்திய அளவில் இம்மரத்துக்குப் பாடநூற்பெயராயிற்று. பாலை எனும் தமிழ்ச்சொல் ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டபோது அதன் ஈற்று ஐகாரம் மறைந்தது. அவ்வெழுத்து வடிவத்தை மீண்டும் தமிழில் படிப்பவர் அதனைப் ‘பாலா’ என்றும் படிக்கலாம். மலையாளத்தில் ஏழிலைப்பாலையைக் குறிக்கும் ‘பால’ என்றும் மயங்கலாம். தம் ஊர்க்காட்டில் நிற்கும் மரமே பாடநூல் கூறும் வேர்ச்செடி என்பதை அறியும் வழி இவ்வாறு அடைபடுகிறது.

3. சப்போட்டாவின் வருகையும் வேர்ச்செடித் தேர்வும்

சப்போட்டா நம் நாட்டு மரம் அன்று. தென்மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் அதன் தாயகம். மெல்லும் பிசினுக்கு ஒருகாலத்தில் மூலப்பொருளாக இருந்த சிக்கிள் அதன் பாலிலிருந்தே எடுக்கப்பட்டது. ஸ்பானியர் அதனைப் பிலிப்பைன்சுக்குக் கொண்டுசென்றனர். இந்தியாவில் வணிக நோக்கிலான சப்போட்டாத் தோட்டம் 1898இல் இன்றைய மகாராட்டிர மாநிலக் கடலோரத்து கோல்வாடில் தொடங்கியதாகத் தோட்டக்கலை நூல்கள் குறிப்பிடுகின்றன. கடற்கரைக்கு அருகில் அது செழித்தது தற்செயல் அன்று. சப்போட்டாவே ஓரளவு உப்பையும் மணற்பாங்கான நிலத்தையும் தாங்கும் மரமாகும்.

ஆயினும் அதனைப் பெருக்குவதில் சிக்கல்கள் இருந்தன. விதையிலிருந்து வளரும் மரம் காய்ப்புக்கு வர நெடுங்காலமாகும். தாய்மரத்தின் பண்பும் உறுதியாக வாராது. கிளையைப் பதியனிட்டால் தாய்மரத்தின் பண்பு நிலைக்கும். ஆனால் பதியன் கன்றுக்கு ஆணிவேர் இல்லை. மேலாகப் படரும் வேருடன் மணலில் நிற்கும் மரம் கோடையில் நீரின்றி வாடும், புயலில் சாயும். எனவே, ஆணிவேர் கொண்ட வேர்ச்செடியின்மேல் ஒட்டுக்கட்டுவதே தக்க வழியாயிற்று.

எந்த வேர்ச்செடி? அதே குடும்பத்தைச் சேர்ந்த இலுப்பையும் மகிழும் சப்போட்டா நாற்றுமே முயலப்பட்டன. இலுப்பை நாற்று விரைந்து வளர்வது. ஒட்டு விரைவில் கட்டலாம். பாலை நாற்றோ மிக மெதுவாக வளர்வது. விதையின் ஓடு கடினமானதால் முளைப்பும் குறைவு. ஒட்டுக்கட்டத் தக்க பென்சில் பருமனை அடைய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தேவைப்படும். நாற்றங்கால் நடத்துபவருக்கு இது இழப்பே. எனினும் ஒட்டின் பொருத்தம், மரத்தின் வலிமை, விளைச்சல், நீண்ட ஆயுள் ஆகியவற்றில் பாலையே மேலானது எனும் முடிவு இந்தியத் தோட்டக்கலையில் நிலைபெற்றது. நாற்றங்காலில் தாமதிக்கும் வேரே தோட்டத்தில் தலைமுறை தாண்டி நிற்கிறது. வறட்சியில் பழகிய காட்டு மரம் தன் வளர்ச்சியை மண்ணுக்குக் கீழே முதலில் செலவிடுகிறது என இதனை விளங்கிக்கொள்ளலாம்.

ஒட்டுக்கட்டும் முறையும் கவனத்துக்குரியது. நெருக்கொட்டு முறையில், தொட்டியில் வளர்ந்த பாலை நாற்றைத் தாய்மரத்தின் கிளையருகே கொண்டுசென்று, இரண்டின் பட்டையையும் சிறிது சீவி, சீவிய பரப்புகளைப் பொருத்திக் கட்டுவர். ஒட்டு பிடிக்கும்வரை கிளை தாயிடமிருந்தும் நாற்று தன் வேரிலிருந்தும் உணவு பெறும். சில மாதங்கள் கழித்தே தாய்க்கிளையையும் நாற்றின் நுனியையும் அறுப்பர். பிற்காலத்தில் இளந்தண்டு ஒட்டு முறையும் வழக்குக்கு வந்தது. எம்முறையாயினும், ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை அவ்வப்போது கிள்ளி எறிய வேண்டும். தவறினால் மேலே உள்ள சப்போட்டா நலிந்து, கீழிருந்து பாலையே தழைத்தெழும். காட்டுத்துளிர் என ஒதுக்கப்படும் அத்தளிர், அத்தோட்டத்தின் மறைந்த பாதி தன்னைக் காட்டும் ஒரே தருணம் எனலாம்.

4. வகைப்பாட்டு நூலும் ஒட்டுக்கத்தியும்

பாலையை மேனாட்டு அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் வில்லியம் ராக்சுபரோ. சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்கள் குறித்த அவருடைய பெருநூலின் முதல் தொகுதியில், 1795இல், மிமுசாப்ஸ் ஹெக்ஸாண்ட்ரா எனும் பெயரில் இது விவரிக்கப்பட்டது. மகிழ மரத்தின் பேரினமும் அதுவே. 1915இல் துபார்டு எனும் பிரெஞ்சுத் தாவரவியலார் பாலையை மனில்காரா பேரினத்துக்கு மாற்றினார். சப்போட்டாவோ நெடுங்காலம் ஆக்ரஸ் எனும் பேரினப்பெயரால் வழங்கியது. 1953இல் வான் ராயன் அதனை மனில்காரா ஜபோட்டா என அமைத்தார். கடல்களால் பிரிக்கப்பட்ட இரு மரங்களும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த உறவினர் எனும் முடிவு பெயரளவில் அப்போதுதான் நிறைவெய்தியது.

தோட்டத்தில் இவ்வுறவு அதற்கு முன்பே அறியப்பட்டிருந்தது. ஏடுகளில் இரு பேரினங்களாக அவை எழுதப்பட்டுவந்த காலத்திலேயே ஒட்டுக்கட்டுபவரின் கையில் அவை ஒரே மரமாக இணைந்தன. ஒட்டு பிடிப்பதும் பிடியாமையும் உறவின் அளவைக் காட்டும் நேரடிச் சோதனை. இச்சோதனையைச் செய்தவர்கள் பெயரில்லாத தோட்டத் தொழிலாளர்கள். வகைப்பாட்டில் பெயரை மாற்றியவரின் பெயர் அறிவியற்பெயரோடு சேர்ந்து நிற்கிறது. முதலில் ஒட்டுக்கட்டியவரின் பெயர் எங்கும் இல்லை. வேர்ச்செடி மறைந்ததுபோலவே அதனைத் தேர்ந்த அறிவும் ஆவணத்துக்கு வெளியே நின்றுவிட்டது.

5. நிறுவனங்களின் இடமாற்றம்

வேளாண் ஆய்வின் தொடக்கப்புள்ளிகள் சில சென்னையின் தென்பகுதியிலேயே அமைந்தன. 1835இல் ராபர்ட் வைட்டின் முயற்சியால் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் சென்னையில் உருவாயிற்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் தோற்றுவாயாகக் குறிப்பிடுவது 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளியை. அது 1906இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. பழப்பயிர்களுக்கென 1935இல் அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பை மாவட்டத்தின் கோடூரில் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. தென்னிந்தியப் பழங்களும் அவற்றின் சாகுபடியும் குறித்து 1949இல் வெளிவந்த கே. சி. நாயக்கின் ஆங்கில நூல் அக்காலத்தின் முதன்மையான தொகுப்பு. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது கோடூர் தமிழகத்துக்கு வெளியே போயிற்று. 1957இல் பெரியகுளத்தில் பழ ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. இன்று தமிழகத்தில் பரவலாக அறியப்படும் பி.கே.எம். 1 எனும் சப்போட்டா ரகம் அங்குக் குத்தி ரகத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. கோயம்புத்தூரிலிருந்து கோ 1, கோ 2 ஆகிய ரகங்கள் வந்தன.

இவ்விடமாற்றங்களின் பயன் பெரிது, அதில் ஐயமில்லை. ஆயின் ஆய்வின் விளைவுகள் வெளியிடப்பட்ட வடிவத்தைக் கவனிக்க வேண்டும். எண்ணிட்டுப் பெயரிட்டு வெளியிடப்பட்டவை யாவும் ஒட்டுக்கிளைகளே. அவற்றைத் தாங்கிய பாலை, காட்டிலிருந்து பொறுக்கிய விதையாகவே இருந்தது. எந்த மரத்தின் விதை, எந்த மண்ணில் நின்ற மரம் எனும் குறிப்பு அதற்குத் தேவைப்படவில்லை. கோடிக்கரை மணலில் வளர்ந்த பாலையின் விதையும் உள்நாட்டுச் செம்மண்ணில் வளர்ந்த பாலையின் விதையும் வேர்ச்செடியாக ஒரே தன்மையன எனக் கொள்ளப்பட்டன.

6. ஓர் ஒப்பீடு: பீச் மரத்தின் வேர்

வேர்ச்செடிக்குப் பெயரிடுவது இயலாத செயல் அன்று என்பதைப் பீச் மரத்தின் வரலாறு காட்டுகிறது. அமெரிக்காவின் தென்கிழக்கில் ஜார்ஜியா, தென்கரோலினா மாநிலங்களின் மணற்பாங்கான நிலங்களில் பீச் பெரும்பயிர். 1959இல் நெமாகார்டு எனும் வேர்ச்செடி அங்கு வெளியிடப்பட்டது. வேர்முடிச்சு நூற்புழுவை அது தடுத்தது. ஆனால் அப்பகுதி மணலில் வாழும் வளைய நூற்புழுவோடு தொடர்புடைய பீச் குறுவாழ்வு நோய்க்கு அது எளிதில் இரையாயிற்று. நட்ட சில ஆண்டுகளில், இளவேனிலில் பூத்துத் தளிர்க்கும் வேளையில், மரங்கள் திடீரெனப் பட்டுப்போயின. அந்நோயை லோவெல் எனும் மற்றொரு வேர்ச்செடி ஒப்பீட்டளவில் நன்கு தாங்கியது. நீண்ட சோதனைகளுக்குப் பின் 1993இல் கார்டியன் எனும் வேர்ச்செடி வெளிவந்தது.

இவ்வரலாற்றில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒரு தீங்கைத் தடுக்கும் வேர் மற்றொரு தீங்குக்கு இடம் தரலாம். ஆகவே வேர்ச்செடித் தேர்வு மண்ணுக்கு மண் வேறுபடும். மேலும், வேருக்குப் பெயர் இருந்ததாலேயே எந்த வேர் எங்குத் தவறியது எனப் பேச முடிந்தது. பெயரற்ற ஒன்றைப் பற்றிய பட்டறிவு சேர்வதில்லை. ஒவ்வொரு தோட்டக்காரரும் தம் இழப்பைத் தனியே சுமப்பார்.

7. காடு சுருங்கிய பின்

பாலையை வேர்ச்செடியாகக் கொள்வதற்கு விதை வேண்டும். விதைக்கு முதிர்ந்த மரம் வேண்டும். மெதுவாக வளரும் இம்மரம் வெட்டப்பட்டால் மீண்டும் விதை தரும் நிலையை எட்டப் பல்லாண்டுகள் ஆகும். சென்னைத் தென்புறநகரில் மேட்டுநிலமும் கடலோர மணலும் வீட்டுமனைகளாயின. உலர் பசுமைமாறாக் காடு, காப்புக்காடுகளிலும் கோயிற்காடுகளிலும் கல்வி வளாகங்களிலும் ஒடுங்கியது. நெல்வயலின் இழப்பும் ஏரியின் இழப்பும் பொதுவெளியில் பேசப்படுகின்றன. நெல்லும் விளையாத புதர்க்காட்டின் இழப்பு, அது ‘தரிசு’ எனப் பதிவாகியிருந்தால், இழப்பாகவே தோன்றுவதில்லை.

பாலைக்கு வேர்ச்செடி எனும் நிலையைக் கடந்த மதிப்பும் உண்டு. குஜராத்தின் கோத்ராவிலுள்ள மத்தியத் தோட்டக்கலைச் சோதனை நிலையம் கனிக்காகவே தேர்ந்த ‘தார் ரிதுராஜ்’ எனும் கிர்னி ரகத்தை வெளியிட்டுள்ளது. நெடுங்காலம் பிறிதொரு மரத்தைச் சுமந்த வேர் அங்குத் தன் கனிக்காகப் பெயர் பெற்றிருக்கிறது. சோழமண்டலக் கரையின் பாலைக்கு அத்தகைய தேர்வு தேவை எனில், அதற்குரிய மரங்கள் முதலில் எஞ்சியிருக்க வேண்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன மூன்று. ஒன்று, மணல்நிலத் தோட்டத்தின் வெற்றி ரகத்தால் மட்டும் அமைந்ததன்று. அந்நிலத்தின் காட்டு மரம் ஒன்று வேராக நின்றதாலும் அமைந்தது. இரண்டு, ரகங்களை மட்டும் பெயரிட்ட ஆவண மரபு அப்பங்களிப்பை மறைத்தது. மூன்று, பாலை, கிர்னி எனப் பெயர் பிளவுபட்டு, ஆங்கில எழுத்தில் உருமாறியதால், பாடநூலின் வேர்ச்செடிக்கும் ஊர்க்காட்டின் மரத்துக்கும் இடையிலான தொடர்பு அறுந்தது.

இவற்றைச் சீர்செய்யும் வழிகள் அரியன அல்ல. ஒட்டுக்கன்றின் சீட்டில் வேர்ச்செடியின் பெயரும் விதை வந்த இடமும் இடம்பெறலாம். தமிழ்க் கலைச்சொற்பட்டியல்களில் பாலை எனும் பெயர் அறிவியற்பெயரோடு சேர்த்து நிலைநிறுத்தப்படலாம். கோயிற்காடுகளிலும் வளாகங்களிலும் எஞ்சியுள்ள முதிர்ந்த பாலை மரங்களை விதைமரங்களாகப் பதிவு செய்யலாம். தமிழாய்வாளர்க்கும் தோட்டக்கலையாளர்க்கும் பொதுவான பணி இது. சொல்லைத் தேடிச் செல்பவர் திருப்பாலைவனத்தை அடைவார். வேரைத் தேடிச் செல்பவரும் அங்கேயே வந்து சேர்வார். இருவரும் சந்திக்கும்போது அந்த மரம் அங்கு நிற்க வேண்டும்.